உயிரணுவின் தலையெழுத்தை எழுதுவது யார்? செம்பனையை முன்வைத்து

முற்றிய செம்பனைப் பழம் ஒன்றைக் குறுக்கே அறுத்தால் உள்ளே மூன்று பகுதிகள் தெரியும். வெளியே விரலில் பிசுபிசுக்கும் ஆரஞ்சு நிறச் சதை, அதற்குள் கறுத்த ஓடு, ஓட்டுக்குள் வெளிறிய பருப்பு. பருப்பு விதையைச் சேர்ந்தது. அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். சதையும் ஓடும் ஒரே சூலகச் சுவரிலிருந்து பிறந்தவை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற உயிரணுக்கள், ஒரே மரபணுத் தொகுதி, ஒரே சாறு. அவற்றில் ஒன்று எண்ணெயைச் சேர்த்துப் பருக்கிறது. இன்னொன்று லிக்னின் என்ற கட்டைப் பொருளைத் தன் சுவரில் அப்பிக்கொண்டு, செத்து ஓடாகிறது. நீ சதை, நீ ஓடு என்று பிரித்துச் சொன்னது யார்?

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையே ஆணையிடுகிறது என்பார்கள். உள்ளே இருக்கும் சில புரதங்களே முடிவெடுக்கின்றன என்பார்கள். உயிரணு கடந்துவந்த பாதையின் நினைவே எல்லாவற்றையும் தீர்க்கிறது என்பாரும் உண்டு. இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுக்கி விழுந்தன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

செம்பனையை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் நடந்தது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே அதைச் செய்தார். (செம்பனை வேரூன்றிய தோட்டத்தின் பெயர் நம் காதில் தென்னைமரம் என்று விழுவது ஒரு வேடிக்கை.) அங்கிருந்து புக்கிட் செந்தோசா வரை, பால்மரம் போய்ச் செம்பனை வந்த நிலத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குலை வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் வாழ்ந்திருக்கின்றன. அதே சிலாங்கூரின் தென்கோடியில், பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2013க்கும் 2015க்கும் இடையில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தப் பழைய வழக்கில் புதிய சாட்சிகளைக் கூண்டில் ஏற்றின. தவளையையும் ஈயையும் வைத்தே பேசிப் பழகிய துறைக்கு, தோட்டத்து மரம் சொன்ன சாட்சியம் அது.

பழைய வழக்கு

கரு உருப்பெறுவதைப் பற்றிய சிந்தனை எல்லா மரபிலும் உண்டு. திருமந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றே ஒரு பகுதி இருக்கிறது. அரிஸ்டாட்டில் அடைகாத்த கோழிமுட்டைகளை வெவ்வேறு நாளில் உடைத்து, உள்ளே எது எப்போது தோன்றுகிறது என்று குறித்துவைத்தார். ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இது இரு கட்சிச் சண்டையாயிற்று. முட்டையிலோ விந்திலோ குட்டி உருவம் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, வளர்ச்சி என்பது அது விரிவதுதான் என்றது ஒரு கட்சி. உருவம் படிப்படியாகவே எழுகிறது என்றது எதிர்க்கட்சி. 1759இல் காஸ்பர் பிரீட்ரிக் வொல்ஃப் அதற்கு வாதாடினார்.

சோதனையால் தீர்க்க முயன்றவர்களில் இருவர் முக்கியமானவர்கள். வில்ஹெல்ம் ரூ 1888இல் தவளைக் கருவின் முதல் இரண்டு உயிரணுக்களில் ஒன்றைச் சுட்ட ஊசியால் குத்திக் கொன்றார். மிஞ்சியது பாதிக் கருவாக வளர்ந்தது. ஆக, விதி முன்பே பங்கிடப்பட்டுவிட்டது என்றார். சில ஆண்டுகளில் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலியின் கரு உயிரணுக்களைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் அளவில் சிறிய, ஆனால் முழுமையான இளவுயிரியாயிற்று. ஏன் இந்த முரண்? ரூ கொன்ற பாதி பிணமாக ஒட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றே மிஞ்சிய உயிரணு எடுத்துக்கொண்டது. உயிரணு அக்கம்பக்கம் பார்த்து நடக்கிறது என்ற எண்ணம் இங்கேதான் அழுத்தமாக விழுந்தது.

சமிக்ஞையே ஆணையா?

அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்பதை நேராகக் காட்டியது 1924இல் ஹான்ஸ் ஸ்பீமன், ஹில்டே மாங்கோல்ட் இருவரும் வெளியிட்ட சோதனை. நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் ஓர் இனக் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, வேறு நிறமுள்ள இன்னோர் இனக் கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அந்த இடத்தில் இரண்டாவது உடல் அச்சு எழுந்தது. நரம்புக் குழாய் உட்பட அதன் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வரவில்லை. வீட்டுக்காரக் கருவின் உயிரணுக்களே, தோலாக வேண்டியவை, நரம்பாக மாறியிருந்தன. ஒட்டுத் துண்டுக்கு “அமைப்பாளர்” என்று பெயர் வைத்தார்கள். ஸ்பீமனுக்கு 1935இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆய்வைக் கையால் செய்த மாங்கோல்ட், கட்டுரை அச்சான ஆண்டிலேயே தீ விபத்தில் இறந்துவிட்டார்.

அமைப்பாளர் அனுப்பும் ஆணை என்ன பொருள் என்று தேடப் புறப்பட்டவர்கள் விசித்திரமான இடத்தில் போய் நின்றார்கள். கொன்ற அமைப்பாளரும் வேலை செய்தது. 1936இல் வாடிங்டன், நீடம், பிராஷே ஆகியோர் மெத்திலீன் நீலம் என்ற வெறும் சாயம்கூட நியூட் கருவில் நரம்புத் திசுவைத் தூண்டும் என்று காட்டினார்கள். சாயத்துக்குள் நரம்பைப் பற்றிய செய்தி எதுவும் இருக்க முடியாது. அப்படியானால் செய்தி கேட்பவனிடம் இருக்கிறது. வெளியிலிருந்து வருவது மணியோசை மட்டும். வாடிங்டன் இதைத் “தகுதி” என்றார்: குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட நிலையில் உள்ள உயிரணுவுக்கே அந்த மணி கேட்கும்.

பல பத்தாண்டுகள் கழித்து, 1990களில், அமைப்பாளரின் உண்மையான மூலக்கூறுகளில் சில கையில் சிக்கின. நாகின், கார்டின் ஆகிய அவை “நரம்பாகு” என்று ஆணையிடுபவை அல்ல. அந்த உயிரணுக்களை நரம்பாக விடாமல் தடுத்துக்கொண்டிருந்த பிஎம்பி என்ற வேறொரு சமிக்ஞையை அவை மறிக்கின்றன. தடையை எடுத்தால் உயிரணு தானே நரம்புப் பக்கம் சாய்கிறது. ஆணை என்று எழுபது ஆண்டு பேசப்பட்டது, தடையுத்தரவை ரத்து செய்தல் என்று முடிந்தது.

தாவரங்களிலும் சமிக்ஞைக் கட்சிக்கு ஒரு பொற்காலம் இருந்தது. ஸ்கூக், மில்லர் இருவரும் 1957இல் புகையிலைத் திசுவை வைத்து ஒரு சமன்பாடு போலக் காட்டினார்கள். ஆக்சின் அதிகமும் சைட்டோகைனின் குறைவுமானால் வேர், மாறினால் தண்டு, இரண்டும் ஒத்திருந்தால் உருவமற்ற திசுக்கட்டி. ஹார்மோன் விகிதமே விதி என்று தோன்றியது. 1964இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை ஊடகத்தில் வளர்த்தபோது, விந்தாக வேண்டிய மகரந்தத் தூளிலிருந்தே கருக்கள் முளைத்தன. சமையல் குறிப்பு சரியாக இருந்தால் எந்த உயிரணுவையும் எதுவாகவும் ஆக்கலாம் என்ற நம்பிக்கை உலகமெங்கும் திசு வளர்ப்புக் கூடங்களைக் கட்டியது. செம்பனைக்கும் அந்த ஆசை வந்தது. 1970களில் செம்பனைத் திசுவிலிருந்து கன்றுகள் உருவாயின. அந்த ஆசை எங்கே முட்டியது என்பதைப் பின்னால் பார்ப்போம். குறிப்பு ஒன்றுதான், ஆனால் ஒரு செடி கேட்கிறது, இன்னொரு செடி கேட்பதில்லை. ஒரே மரத்தின் ஒரு திசு கேட்கிறது, பக்கத்துத் திசு கேட்பதில்லை. இதற்குச் சமிக்ஞைக் கட்சியிடம் பதில் இல்லை.

துரை மரபணுக்கள்

மரபணுவில் எழுதியிருப்பது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டால்தான் அது புரதமாகும். எதைப் படியெடுப்பது, எதை விடுவது என்பதை டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காரும் புரதங்கள் நிர்ணயிக்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்பவை இவையே. 1961இல் ஜாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவில் இந்த ஏற்பாட்டைக் கண்ட பிறகு கேள்வியின் வடிவம் மாறியது. எந்தக் காரணி இருக்கிறதோ அதுவே உயிரணுவின் விதி என்று சொல்ல முடிந்தது.

இதற்கு வலுவான சான்றுகள் வந்தன. 1987இல் ஹெரால்ட் வெயின்ட்ராபின் கூடத்தில் மயோடி என்ற ஒற்றைக் காரணியை இணைப்புத்திசு உயிரணுக்களுக்குள் செலுத்தினார்கள், அவை தசையாயின. 1995இல் வால்டர் கெரிங்கின் குழு, கண்ணுக்கான ஒரு மரபணுவைப் பழ ஈயின் காலிலும் சிறகிலும் இயக்கியது. அங்கெல்லாம் கண் முளைத்தது. “தலைமை மரபணு” என்ற சொல் அப்போது ஆய்வேடுகளில் சரளமாகப் புழங்கியது. தோட்டத்து மொழியில் சொன்னால் துரை மரபணு: பங்களாவிலிருந்து ஓர் உத்தரவு, கீழே எல்லாம் நடந்துவிடும்.

பூவிலும் துரைகள் இருந்தன. 1991இல் கோயனும் மேயரோவிட்ஸும் முன்வைத்த ஏபிசி மாதிரியில், ஏ வகைக் காரணி தனியே இருந்தால் புல்லிதழ், ஏயும் பியும் சேர்ந்தால் அல்லிதழ், பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி தனியே இருந்தால் சூலகம். பி போய்விட்டால் மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சூலகம் வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பனையின் பெரிய விபத்து இந்த ஒரு வரிக்குள் அடங்கும். இந்தக் காரணிகளில் பெரும்பாலானவை மேட்ஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி ஓட்டுக்கு வரலாம். செம்பனையில் மூன்று வகைப் பழம் உண்டு. டூராவின் ஓடு தடித்தது, 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை. பிசிஃபெராவில் ஓடே இல்லை, ஆனால் அதன் பெண் குலைகள் பெரும்பாலும் பிஞ்சிலேயே அழுகிவிடும். இரண்டையும் கலந்தால் வருவது தெனெரா: மெல்லிய ஓடு, சுற்றிலும் நார் வளையம், டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய். இது ஒரே ஒரு மரபணுவின் விளையாட்டு என்று பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னெர்ட், வான்டர்வேயன் ஆகியோர் 1941இல் நிறுவினார்கள். அந்த ஒரே உண்மையின் மீதுதான் இன்றைய செம்பனைத் தொழில் நிற்கிறது. தோட்டங்களில் இப்போது நடப்படுவது பெரும்பாலும் தெனெரா.

அந்த மரபணு எது என்று தெரிய 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரஜீந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட வாரிய ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கூடத்தின் ராபர்ட் மார்ட்டியன்சென் முதலியோரும் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். ஷெல் என்று பெயரிடப்பட்ட அது மேட்ஸ் குடும்பத்துக் காரணி ஒன்றைக் குறிக்கிறது. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடக் களையில் சூலின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் சீட்ஸ்டிக் மரபணுவின் உறவு அது. பிசிஃபெராவின் இரண்டு தனித்தனி வம்சங்களில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருந்தன. இரண்டுமே காரணி டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியில், இரண்டு அமினோ அமிலம் தள்ளி, ஒற்றை எழுத்து மாற்றங்கள். ஓர் எழுத்து மாறினால் ஓடு இல்லை. துரை மரபணு என்ற கருத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

பணப் பக்கமும் உண்டு. கன்று நட்டு மூன்று ஆண்டாவது போனால்தான் பழத்தை அறுத்துப் பார்க்க முடியும். அதுவரை டூராவா தெனெராவா என்று தெரியாது. இப்போது நாற்றங்காலிலேயே இலைத் துண்டில் சோதிக்கலாம். மலேசியச் சிறுதோட்டக்காரர்களிடம் போன கன்றுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று தெனெராவே அல்ல என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆனால் துரைக் கருத்து இந்தச் சான்றாலேயே ஆட்டம் காண்கிறது. ஷெல் உத்தரவிடுகிறது என்றால், ஒரு நல்ல படியும் ஒரு கெட்ட படியும் உள்ள தெனெராவில் பாதி உத்தரவு என்றால் என்ன? ஓடு பாதித் தடிமன் என்று மட்டும் நின்றிருந்தால் அளவுக் கணக்கு என்று விட்டுவிடலாம். டூராவில் இல்லாத நார் வளையம் தெனெராவில் தெரிகிறது. விளைச்சல் இரு பெற்றோரையும் மிஞ்சுகிறது. இரண்டாவது சிக்கல்: ஷெல் பழம் முழுவதும் ஓடு செய்யச் சொல்வதில்லை. உள்ளடுக்கில் ஓடு, வெளியடுக்கில் சதை என்ற எல்லையை அதற்குக் காட்டியது யார்? மூன்றாவதும் உண்டு. மயோடிக்கு எல்லா உயிரணுக்களும் ஒரே அளவில் மசியவில்லை. 2006இல் ஷின்யா யமனாகா நான்கு காரணிகளைச் செலுத்தித் தோல் உயிரணுக்களைக் கருநிலைக்குத் திருப்பியது பெரும் சாதனைதான். திரும்பியவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. உத்தரவு எல்லாருக்கும் போயிற்று, கேட்டவர் சிலர்.

கூட்டாளிகளும் இடமும்

இங்கிருந்து ஆய்வு இரண்டு பக்கம் பிரிந்தது. ஒரு பிரிவு, காரணிகளின் கூட்டணியைப் பார்த்தது. மேட்ஸ் காரணிகள் தனியாக வேலை செய்வதில்லை. 2001இல் குந்தர் தைசன் தொகுத்துச் சொன்ன நால்வர் மாதிரியில், நான்கு புரதங்கள் சேர்ந்து டிஎன்ஏவை இரண்டு இடத்தில் பிடித்து வளைக்கின்றன. எந்த நால்வர் என்பதைப் பொறுத்தே உறுப்பு. அதே காலத்தில் ஏ, பி காரணிகளோடு செபலட்டா என்ற கூட்டாளியையும் சேர்த்து இயக்கினால் சாதாரண இலையே இதழாகிவிடும் என்று சோதனைகள் காட்டின. ஷெல்லின் பிழைகளைப் பிறகு ஆராய்ந்தபோதும் இதே தடயம் கிடைத்தது. சில பிழைகள் கூட்டாளியோடு இணைவதைக் கெடுக்கின்றன, சில காரணி உட்கருவுக்குள் நுழைவதையே கெடுக்கின்றன. தெனெராவின் புதிர் அளவைப் பற்றியது என்பதைவிட, யார் யாரோடு கூடுகிறார்கள் என்பதைப் பற்றியது என்று எண்ண இடமிருக்கிறது. நிரூபணம் என்று சொல்ல இன்னும் தூரம் உண்டு.

மற்றொரு பிரிவு, காரணி போய் உட்காரும் இடத்தைப் பார்த்தது. சமிக்ஞைக்கும் காரணிக்கும் உள்ள உறவை நேராகத் தொட்டது 2011இல் ரிச்சர்ட் யங்கின் குழு செய்த ஆய்வு. டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை வந்தால் ஸ்மாட்3 என்ற காரணி உட்கருவுக்குள் போகும். எல்லா வகை உயிரணுவிலும் இதுதான் நடக்கும். ஆனால் போய் எங்கே உட்காருகிறது? கருநிலை உயிரணுவில் ஆக்ட்4 பக்கத்தில், தசையில் மயோடி பக்கத்தில், ரத்த முன்னோடியில் பியூ.1 பக்கத்தில். தூதுவன் ஒருவனே, செய்தியும் ஒன்றே. எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தானோ அந்த வீட்டு மொழியில் அது கேட்கிறது. அதுவரை தனித்தனியாகக் கட்சி கட்டிக்கொண்டிருந்த சமிக்ஞையையும் காரணியையும் ஒரே படத்தில் வைத்தது இதன் பலம். தாவரத்தில் இதற்கு இணையாக, ஆக்சினுக்குப் பதில் சொல்லும் மோனோப்டெரோஸ் என்ற காரணி பூ மொட்டு எழ வேண்டிய இடத்தில் லீஃபி உள்ளிட்ட மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. திறப்பதற்கு, டிஎன்ஏவின் கட்டைத் தளர்த்தும் புரதங்களை அது கூட அழைத்துவருகிறது.

பலவீனம் என்னவென்றால், கேள்வி ஒரு படி பின்னுக்குத் தள்ளப்பட்டதே தவிரத் தீரவில்லை. ஆக்ட்4 ஒரு வீட்டிலும் மயோடி மற்றொரு வீட்டிலும் குடியிருப்பது எப்படி?

முன்வினை

வாடிங்டன் 1957இல் வரைந்த ஒரு படம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. மலைச்சரிவில் உருளும் பந்து. பள்ளத்தாக்குகள் கிளைகிளையாகப் பிரிகின்றன. ஒரு பள்ளத்தில் இறங்கிய பந்து பக்கத்துப் பள்ளத்துக்கு எளிதில் தாவாது. அந்தச் சரிவை மூலக்கூறுகளில் தேடியவர்கள் குரோமாட்டினுக்கு வந்தார்கள். டிஎன்ஏ சுருண்டு கட்டப்பட்டிருக்கும் விதமும் அதன் மீது ஒட்டப்பட்ட மெத்தில் குறிகளும், எந்தப் பக்கத்தைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே வரையறுத்துவிடுகின்றன. உயிரணு பிரியும்போது இக்குறிகள் பெரும்பாலும் பிள்ளை உயிரணுக்களுக்கும் போகின்றன.

இந்தக் கருத்துக்குத் தாவர உலகத்திலிருந்து வந்த மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று செம்பனையின் போர்வைப் பழம். திசு வளர்ப்புக் கன்றுகள் பெருமளவில் நடப்பட்ட பிறகு, 1980களில், சில மரங்களில் விநோதமான குலைகள் வந்தன. பழத்தைச் சுற்றிச் சதைப்பற்றான கூடுதல் மடல்கள், கொம்பு முளைத்தது போல. பெண் பூவில் வளராமல் நிற்க வேண்டிய மகரந்தத்தாள்கள் சூலகங்களாகியிருந்தன. பல பழங்களுக்குப் பருப்பே இல்லை. கடுமையான மரங்களில் குலை முழுவதும் பிஞ்சிலேயே கருகிப்போயிற்று. 1986இல் கார்லியும் சகாக்களும் இதைப் பதிவு செய்தனர். ஏபிசி மாதிரியைப் படித்தவருக்குப் பி காரணி இழப்பு என்று உடனே தோன்றும். ஆனால் டிஎன்ஏ எழுத்தில் பிழை கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், சில மரங்கள் சில ஆண்டுகளில் தாமாகவே சரியாகிவிட்டன. எழுத்துப் பிழை அப்படித் திருந்தாது. ஊடகத்தில் ஊற்றிய ஹார்மோன்களைக் குற்றம் சாட்டினார்கள். ஒட்டுமொத்த மெத்தில் அளவு குறைந்திருப்பதை 2000இல் கண்டார்கள். எந்த இடத்தில் குறைந்தது என்பது பிடிபடவில்லை.

2015இல் மெய்லினா ஓங்-அப்துல்லாவும் சகாக்களும் அந்த இடத்தைக் காட்டினர். செம்பனையின் பி காரணி மரபணுவான டெஃபிசியன்ஸின் நடுவே, புரதமாகாத இடைப்பகுதியில், கர்மா என்ற, டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவக்கூடிய துண்டு ஒன்று நெடுங்காலத்துக்கு முன்பே குடியேறி உறங்குகிறது. மெத்தில் குறி அதை மூடி வைத்திருக்கும்வரை தொல்லை இல்லை. திசு வளர்ப்பின் போது அந்தக் குறி கழன்றால், படியெடுத்த ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் இயந்திரம் தவறான இடத்தில் ஒட்டிவிடுகிறது, காரணி குறுகிப்போகிறது. மூடியிருப்பதை நல்ல கர்மா என்றும் கழன்றதைக் கெட்ட கர்மா என்றும் அக்கட்டுரை அழைத்தது. நெல்லில் முதலில் இந்தத் துண்டைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது; தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை.

இதில் நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குறி கழன்றதை நாற்றங்காலில், இலையிலேயே சோதித்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இலைக்கு ஒன்றும் ஆவதில்லை. தண்டு, வேர், மட்டை எல்லாம் ஒழுங்காகவே வளர்கின்றன. டெஃபிசியன்ஸைக் கூப்பிடும் சமிக்ஞை பூ மொட்டில்தான் வருகிறது; வந்த பிறகே பழைய கணக்கு வெளியே தெரிகிறது. வினை ஊமையாக உட்கார்ந்திருக்க ஆண்டுகள் போகின்றன. இதை வைத்துப் பார்த்தால் நினைவுக் கட்சி வென்றது என்று சொல்வதும் சரியாகாது என்றே எனக்குப் படுகிறது. கெட்ட கர்மா எதையும் தானாகச் செய்யவில்லை. சமிக்ஞை அழைத்த காரணியை உருக்குலைத்தது, அவ்வளவே.

மறுப்பும் உண்டு. கென்னத் சாரெட்டின் குழு 2002இல் காட்டியபடி, ஃபாக்ஸ்ஏ போன்ற சில முன்னோடிக் காரணிகள் மூடிக் கிடக்கும் குரோமாட்டினுக்குள்ளேயே நுழைந்து திறக்க வல்லவை. லீஃபிக்கும் அந்தத் திறன் உண்டென்று 2021இல் தெரிந்தது. அப்படியானால் பூட்டு முந்தியா சாவி முந்தியா? குறி கழல்வது திசு வளர்ப்பின் எந்தக் கட்டத்தில், ஏன் அந்த இடத்தில் என்பதும், குறுகிய புரதம் முழுப் புரதத்தின் வேலையை எப்படிக் கெடுக்கிறது என்பதும் முழுதாக விளங்கவில்லை.

தற்செயல்

எல்லாமே சூதாட்டம் என்ற கட்சியும் இருக்கிறது. அதற்கு நீண்ட இடம் தேவையில்லை. ரத்த முன்னோடி உயிரணுவில் காட்டா1, பியூ.1 என்ற இரு காரணிகள் ஒன்றையொன்று அமுக்கும். தற்செயலாக எது கொஞ்சம் கூடுகிறதோ அது வெல்லும், விதி அப்படித் தீரும் என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. 2016இல் தனித்தனி உயிரணுக்களை நாள்கணக்கில் படம் பிடித்தவர்கள், அந்த விகிதம் தேர்வைத் தொடங்கிவைப்பதில்லை, தேர்வு முடிந்த பிறகே மாறுகிறது என்று கண்டனர். தற்செயலுக்கு இடமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. அழகான கதை ஒன்று அளந்து பார்த்ததும் உதிர்ந்தது, அதுவரை உண்மை.

இலைக்கக்கத்தில் மிஞ்சும் கேள்வி

இப்போதைய நிலையில் ஒதுங்கிய கருத்துகள் இரண்டு: சமிக்ஞைக்குள் முழுச் செய்தியும் இருக்கிறது என்பது, ஒற்றைக் காரணி துரை போல ஆள்கிறது என்பது. பழைய தோட்டத்திலேயே துரையின் உத்தரவு கிராணியிடமும் கங்காணியிடமும் போய்த்தான் வேலையாயிற்று. போகும் வழியில் அது மாறியதும் உண்டு. சமிக்ஞை, காரணிகளின் கூட்டு, குரோமாட்டின் நினைவு மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போகின்றன என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. முதல் வேறுபாடு எதில் எழுகிறது, எந்தக் கணத்துக்குப் பிறகு திரும்ப முடியாது என்பதில்தான் சண்டை. ஷெல்லும் கர்மாவும் பிழைகள். பிழையிலிருந்து விதியை ஊகிக்கலாம். பிழையே இல்லாத மரத்தில், ஒழுங்காக நடக்கும் தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு அவை நேரான விடை தருவதில்லை.

அப்படியொரு தேர்வு செம்பனையின் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் நடக்கிறது. ஓர் இலைக்கு ஒரு பூங்குலை. அது ஆணாகலாம், பெண்ணாகலாம். பெண்ணானால் பழக்குலை, ஆணானால் மகரந்தம் மட்டும். வறட்சி அடித்தாலும் மட்டையை அளவுக்கு மேல் வெட்டினாலும் ஆண் பக்கம் சாயும். பலன் உடனே தெரியாது, ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துக் குலை எண்ணும்போது தெரியும். 2015-16 எல் நினோவை ஒட்டி நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 1 கோடியே 99 லட்சம் டன்னாக இருந்தது 2016இல் 1 கோடியே 73 லட்சமாக இறங்கியது. அந்த இறக்கம் முழுவதையும் ஆண் பூவின் கணக்கில் எழுத முடியாது. பூங்குலை கருகுவதும் பழம் இளைப்பதும் அதில் சேரும். என்றாலும் தண்ணீர்ப் பஞ்சம் என்ற சமிக்ஞை எந்தக் காரணியின் கையில் போய்ச் சேர்கிறது, அதை எந்தக் குறி இரண்டு ஆண்டு நினைவில் வைத்திருக்கிறது என்பது இன்னும் திறந்த கேள்வி.

பெண் பூங்குலையை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு பெண் பூவின் இரு பக்கமும் வளராமல் நின்றுபோன இரண்டு ஆண் பூக்கள் இருக்கும். ஆண் வழி அங்கே அழிக்கப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தியது எது, எப்போது என்று அறிய வேண்டுமானால், இன்னும் எந்தப் பக்கமும் சாயாத மொட்டைக் குருத்தின் அடியிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மரத்தைச் சாய்த்து மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துப் போக வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்த மொட்டின் காரணிகளை எண்ணலாம், மெத்தில் குறிகளைப் படிக்கலாம். அது ஆணாகியிருக்குமா பெண்ணாகியிருக்குமா என்று பார்க்க அந்த மரம் நின்றுகொண்டிருக்காது.